ஏற்காட்டிற் கிறிஸ்துமஸும் இல்லறத்தார் ஈகையும்

பண்டிகை என்னும் சொல்லைக் கேட்டவுடன் புத்தாடையும், பலகாரமும், விளக்கலங்காரமும் சிறுவர் மனத்தில் தோன்றுவது இயல்பே. அதிற் குற்றமொன்றும் இல்லை. ஆயினும், ஒரு குடும்பம் தன் வாயிற்கதவைச் சாத்திக்கொண்டு கிறிஸ்துமஸைக் கொண்டாடுமாயின், அஃது அப்பண்டிகைக்குக் காரணமான வரலாற்றுக்கே மாறானதாகும். சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்திற் கிடத்தப்பட்ட ஒரு குழந்தையின் பிறப்பையன்றோ நாம் அன்று நினைவுகூர்கின்றோம்? ஆதலின், பிறர்க்கு இடமளிக்கும் பண்டிகையாக அதனை இல்லத்தார் அனைவரும் கூடிக் கொண்டாடுவது எங்ஙனம் என்பதை, நமக்கு அணித்தாயுள்ள சேர்வராயன் மலையை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டை அடையலாம். 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தேவாலயங்களும், கன்னியர் மடங்களும், 1917-ல் நிறுவப்பட்ட மாண்ட்போர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளும் தோன்றின. இவர்களுக்கெல்லாம் முன்னரே இங்கு வாழ்ந்தவர்கள் மலையாளிகள் எனப்படும் மலைவாசிகள். கேரள நாட்டாரினின்றும் வேறான இவர்கள் தமிழ் பேசுவோர். மலையுச்சியிற் கோயில்கொண்டுள்ள சேர்வராயனை வழிபடுவோர். எனவே, ஏற்காட்டிற் கிறிஸ்துமஸ் கொண்டாடும் குடும்பத்திற்கு அயலார் பலரும் வேற்றுச் சமயத்தாரே.

இம்மலைக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. கிறிஸ்துமஸ் காலமே இங்குக் காப்பிப்பழம் பறிக்குங் காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை பழங்கள் சிவக்கும். ஒரே செடியிலுள்ள பழங்கள் ஒருங்கே பழுப்பதில்லையாதலின், அச்செடியைப் பலமுறை நாடி, பழுத்தவற்றை மட்டும் கையாற் பறித்தல் வேண்டும். பறித்ததைத் தோலுரிக்காமல் நெடுநேரம் வைத்தால் புளித்துச் சுவை கெடும். பழம் நம் பண்டிகைக்காகக் காத்திருப்பதில்லை. சமவெளியினர் குளிர்ச்சியை அனுபவிக்க மலையேறி வரும் அந்நாட்களில், காலைப்பனி உலராத செடிகளுக்கிடையே நின்று பழம் பறிப்போருள் பெண்களே மிகுதி. பண்டிகையன்று நாம் பருகும் காப்பி அவர்கள் விரல்களைக் கடந்தே நம் வீட்டை அடைகின்றது.

ஆகவே, ஈகையைப்பற்றிப் பேசுமுன் கடனைப்பற்றிப் பேசவேண்டும். உழைத்தவருக்குரிய கூலியும் போனசும் தருமம் அல்ல. தோட்டத் தொழிலாளருக்கு மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி முதலியன அளிக்கச் செய்வதற்கு 1951-ம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது. சட்டப்படி கொடுக்க வேண்டியதைப் பண்டிகை நாளிற் கொடுத்துவிட்டு, அதற்கு ஈகையென்று பெயரிடுவது தகாது. வீட்டு வேலைக்காரியின் மாதச் சம்பளத்திற்கும் இவ்விதியே பொருந்தும். கடனைத் தீர்த்தபின் எஞ்சியதிலிருந்தே ஈகை தொடங்குகின்றது.

அதன் வகைகளை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. திருவள்ளுவர் விருந்தோம்பல், ஒப்புரவறிதல், ஈகை என மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்தார். இம்மூன்றும் இல்லறவியலிலேயே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. மனைவி மக்களோடு வாழ்வோர்க்கே இவை சிறப்பாக உரியன என்பது இதனாற் பெறப்படும்.

முதலாவது, ஈகை. நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரின் அத்தியட்சராயிருந்த நிக்கொலாஸ் என்பவர், சீதனமில்லாது வாடிய மூன்று பெண்களின் வீட்டில், இரவில் ஒருவரும் அறியாமற் பொன்முடிப்பை இட்டார் என்பது ஐதிகம். பிற்காலத்திற் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வளர்ந்தவர் அவரே. இரவில் மறைந்து கொடுத்தவரின் பேரால், இன்று ஏழைகளை வரிசையில் நிறுத்தி, சேலையும் வேட்டியும் நீட்டி, அதனைப் படமும் பிடிக்கின்றோம்! வாங்குவோர் நாணத்தாற் குனியும் தலையை அப்படம் காட்டுவதை நாம் கவனிப்பதில்லை. கொடுப்பது சிறிதாயினும், பெறுவோரின் மானம் கெடாமற் கொடுத்தலே சிறப்பு. பிள்ளைகளும் இதிற் பங்குபெறல் வேண்டும். பெற்றோர் பணத்தில் வாங்கிய பொருளைப் பிள்ளையின் கையிற் கொடுத்து நீட்டச் செய்வது பழக்கமேயன்றி ஈகையாகாது. தனக்கென வந்த இரண்டு புத்தாடைகளில் ஒன்றைத் தானே மனமுவந்து ஒதுக்கும் சிறுவனே கொடுத்தல் யாது என்பதை அறிவான்.

இரண்டாவது, ஒப்புரவு, ஒருநாளிற் செய்து முடிப்பதன்றி, ஊரோடு ஒத்து நாடோறும் உதவி வாழ்தல். இதற்குத் திருநெல்வேலிக் கிறிஸ்தவ மாதர் நல்வழி காட்டினர். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு, அதனைத் திருச்சபைப் பணிக்கு அளித்தனர். மிசோரம் மலைநாட்டிலும் 1910 முதல் இவ்வழக்கம் நிலைபெற்று வருகின்றது. செல்வர் ஒருவரின் பெருங்கொடையைவிட இப்பிடியரிசிக்கு ஒரு சிறப்புண்டு: வீட்டிலுள்ளோர் அனைவரும் தத்தம் உணவிற் சிறிது குறைத்தே அது சேர்கின்றது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களேனும் ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய பானை ஒன்று இருக்கலாகாதா?

மூன்றாவது, விருந்து. ஈகையிற் கொடுப்போர் நிற்க, பெறுவோரும் நிற்பர். விருந்திலோ இருவரும் உடன் அமர்வர். 1223-ல் இத்தாலி நாட்டுக் கிரெச்சியோ என்னும் ஊரிற் குடிலமைத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அசிசி நகர்ப் பிரான்சிஸ், அந்நாளிற் செல்வர் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்கவும், எருதுக்கும் கழுதைக்குங்கூட வழக்கத்தினும் மிகுதியாகத் தீனியிடவும் விரும்பினார். தென்னாட்டுத் திருச்சபைகளில் அசனம் என்னும் பொதுவிருந்தில் ஊரார் ஒரே பந்தியில் அமர்ந்துண்பதும் இக்கருத்துப் பற்றியே. பழம் பறித்து மாலையில் இளைத்து வீடு திரும்பும் குடும்பத்தை, “வாருங்கள், எங்களோடு சாப்பிடுங்கள்” என்று அழைத்து, இல்லத்தலைவனும் தலைவியும் தம் கையாற் பரிமாறுவார்களாயின், நூறு சேலைகள் செய்யாததை அவ்வொரு வேளை உணவு செய்யும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அயலார் நம் சமயத்தை ஏற்பார் என்னும் நோக்கத்தோடு இடும் சோறு விருந்தாகாது. அது தூண்டிலில் மாட்டிய இரை. நாம் அனுப்பும் அதிரசத்தட்டு பொங்கலன்று கரும்போடும் சர்க்கரைப் பொங்கலோடும் திரும்பி வருமாயின், அதனைக் கைநீட்டி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளல் வேண்டும். கொடுக்க மட்டுமே அறிந்து பெற அறியாதவனிடத்திற் செருக்கு இன்னும் ஒளிந்திருக்கின்றது.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு நீங்கள் வீடு திரும்பும்போது, உங்கள் வீட்டார் யாருக்கேனும் கொடுக்கவேண்டிய கடன் நிலுவையில் உண்டா என்று முதலிற் கேளுங்கள். பின்னர்ப் பிடியரிசிப் பானையை அடுப்பருகே வையுங்கள். பண்டிகையன்று இலை போடும்போது ஓர் இலை கூடுதலாகப் போட்டு, அதற்குரியவரை அழைத்துவர நீங்களே வாயிலிறங்கிச் செல்லுங்கள்.