மலையேறும் கால்களும் சர்க்கரை நோயும்

புரட்டாசி பிறந்தால் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வது சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். ஏறத்தாழ 3,550 படிகள். பக்தியினால் பலரும் செருப்பில்லாமலே ஏறுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. நானும் அந்த நோய் உள்ளவன் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாதத்து நரம்புகள் பழுதடைந்து மரத்துப் போகலாம். இரத்த ஓட்டமும் குறையலாம். அப்போது முள் குத்தினாலும், வெயிலில் காய்ந்த கல் சுட்டாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை. அது சீழ் பிடித்து, சிலருக்கு விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிவிடுகிறது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. ஆகவே இது பலர் வீட்டுக் கவலை.

இதைத் தடுக்கச் செலவு அதிகமில்லை. இரவு படுக்குமுன் நல்ல வெளிச்சத்தில் இரு பாதங்களையும் பார்க்கிறேன். அடிப்பாதத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். கண் மங்கிய பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கால் கழுவியபின் விரலிடுக்கை ஈரமின்றித் துடையுங்கள். வறண்ட தோலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். செருப்பை உதறிவிட்டே போடுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு நல்லது.

மலையேற நினைப்பவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் பேருந்தில் போவதே நல்லது. இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் சனிக்கிழமை விரதத்தன்று மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். நடக்கும்போது மடியில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் உடனே மூன்று தேக்கரண்டி நீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள்.

காலில் புண், வீக்கம், நிறமாற்றம் கண்டால் கைவைத்தியம் வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸும் இருக்கின்றன. அடுத்த புரட்டாசிக்கும் நம்மைச் சுமக்க வேண்டிய கால்கள் இவை.