சீட்டுக்கட்டில் ஒரு ஜார் தர்பார்

நாம் ரம்மி ஆடும் கட்டில் உள்ள ராஜாவும் ராணியும் எந்த ஊர்க்காரர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ரஷ்யாவின் ‘ருஸ்கி ஸ்தில்’ கட்டைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். ராணியின் நெற்றிக்கு மேல் பிறைபோல எழும்பி நிற்கிறது ‘ககோஷ்னிக்’ என்னும் தலையணி. ராஜாவுக்கு அடர்ந்த தாடி; பூவேலை செய்த கனத்த அங்கி. ‘ரஷ்யப் பாணி’ என்பதுதான் கட்டின் பெயரே.

இந்த உடைகள் ஒரு விருந்தில் இருந்து வந்தவை. 1903 பிப்ரவரியில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் மாறுவேட நடன விருந்து வைத்தார். வருகிறவர்கள் 17ஆம் நூற்றாண்டு ரஷ்ய உடையில் வர வேண்டும். நிக்கோலஸ் தன் மூதாதை ஜார் அலெக்ஸி மிகைலோவிச்சாக வந்தார். அரசி அலெக்ஸாண்ட்ரா, அலெக்ஸியின் மனைவி மரியாவாக. விருந்தினர்களைப் புகைப்படம் எடுத்து ஆல்பமாகவும் வெளியிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த உடையை ஒழித்ததே அலெக்ஸியின் மகன் மகா பீட்டர்தான். 1698இல் ஐரோப்பாவில் இருந்து திரும்பியவர், பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே வெட்டினார். 1700இல் மேலைநாட்டு உடை உடுத்தச் சொல்லி ஆணை போட்டார். விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. அவர்கள் பழைய உடையிலேயே இருந்தார்கள். முப்பாட்டன் தினமும் உடுத்தியது, இருநூறு வருடத்தில் அரண்மனைக்கு மாறுவேடம் ஆகிவிட்டது!

சீட்டில் அந்த உடை வந்ததும் ரஷ்யாவில் அல்ல. 1911வாக்கில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், டோண்டோர்ஃப் அச்சகத்தில் உருவானது இந்தக் கட்டு. ரொமானோவ் வம்சத்தின் 300ஆம் ஆண்டு விழா நடந்த 1913வாக்கில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அலெக்ஸாண்ட்ரோவ்ஸ்க் ஆலையில் அச்சானது. சீட்டு விற்ற காசு அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் போனது. குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடாதான் அதன் முத்திரை.

அடுத்த வருடமே ஜெர்மனியோடு போர். 1917இல் புரட்சி. 1918இல் நிக்கோலஸ் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். சீட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. மன்னராட்சியை வேரோடு பிடுங்கிய சோவியத் அரசின் காலத்திலும் அதே அங்கி, அதே ககோஷ்னிக்கோடு கட்டுகள் அச்சாகித் தொழிலாளர் கைகளில் புரண்டன.

அங்கே எல்லோரும் ஆடும் ஆட்டம் ‘துராக்’. அதில் கையில் துருப்பு ஆறு இருந்தால் போதும்; வேற்று இன ராஜாவை வெட்டிவிடலாம்.