சங்கர் நகர் மைதானமும் கமிஷனர் நாற்காலியும்

மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிக்கு வருகிறவர்களுக்கு, ஊர் வருவதற்கு முன்பே தாழையூத்து சிமெண்ட் ஆலை கண்ணில் படும். அந்த ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர் சங்கர் நகர். ஆலைக்குச் சொந்தமான கிரிக்கெட் மைதானம் அங்கே இருக்கிறது. ரஞ்சிப் போட்டிகளையே பார்த்த மைதானம்தான் என்றாலும், 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் தெரிய ஆரம்பித்தது. டி.என்.பி.எல். முதல் பருவம் மூன்றே இடங்களில் நடந்தது: சேப்பாக்கம், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம், சங்கர் நகர். 2023 ஜூலை 12 அன்று இறுதிப்போட்டியே இங்கு நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸ் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் 206 ரன்னைத் துரத்தி 101-ல் சுருண்டது. கோப்பை கோவைக்குப் போனது.

தோற்றதை விடுங்கள். தூத்துக்குடியும் தென்காசியும் கூட வந்து பார்க்கிற ஒரு லீக் போட்டி இந்தப் பக்கம் நடக்கிறதே, அதற்கு யார் காரணம் என்று தேடிப் போனால் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக்கு எதிரே இருக்கும் கல்லிடைக்குறிச்சியில் போய் நிற்போம். அப்பளத்துக்குப் பெயர்போன ஊர். அந்த ஊர் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் சேர்ந்து 1946-ல் தொடங்கியதுதான் இந்தியா சிமெண்ட்ஸ். முதல் ஆலை 1949-ல் தாழையூத்தில் ஓட ஆரம்பித்தது. சங்கர் நகர் என்ற பெயரும், பின்னாளில் டி.என்.பி.எல்.-இன் சட்டை முழுக்க அச்சாகியிருந்த சங்கர் சிமெண்ட் என்ற பெயரும் ஐயரின் நினைவாக வந்தவை. நாராயணசுவாமியின் மகன் என். ஸ்ரீனிவாசன். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவர், இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர், செயலாளர், தலைவர், கடைசியில் உலக கிரிக்கெட் கவுன்சில் தலைவர் என்று இந்த விளையாட்டில் ஒருவர் ஏறக்கூடிய படிகள் எல்லாவற்றிலும் ஏறியவர்.

அவர் ‘கமிஷனர்’ என்ற பட்டத்தை வைத்துக்கொண்டவர் இல்லை. அந்தப் பட்டம் ஐ.பி.எல்.-ஐ நடத்திய லலித் மோடியுடையது. ஆனால் தொழில்முறை லீக் ஒன்றை ஆள்கிறவர் எதை விட்டுப் போகிறார் என்று பேச நம் மண்ணில் ஸ்ரீனிவாசனை விடப் பொருத்தமானவர் இல்லை. நல்லது, கெட்டது இரண்டையும் பெரிய அளவில் விட்டுப் போயிருக்கிறார்.

கமிஷனர் என்ற பதவியே ஒரு மோசடியில் பிறந்தது. 1919-ல் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரில் சிகாகோ அணி வீரர்கள் சிலர் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள். விஷயம் வெளியே வந்ததும் அணி முதலாளிகள் நடுங்கிப்போய், கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியிடம் 1920-ல் ஓடினார்கள். ‘நான் சொன்னால் சொன்னதுதான், நீங்களும் வாய் திறக்கக் கூடாது’ என்கிற அளவுக்கு அதிகாரம் கேட்டார் லாண்டிஸ், கொடுத்தார்கள். 1921 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த வீரர்களை விடுவித்தது. மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டார். பேஸ்பாலுக்குப் போன மானம் திரும்பி வந்தது.

அதே லாண்டிஸ் 1944-ல் இறக்கும் வரை ஒரு கறுப்பின வீரர்கூட பெரிய லீக்கில் கால் வைக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் களம் இறங்கியது 1947-ல், அடுத்த கமிஷனர் காலத்தில். சிறந்த வீரர் விருதுப் பட்டயத்தில் இருந்த லாண்டிஸின் பெயரை 2020-ல் எடுத்துவிட்டார்கள். முதல் கமிஷனரின் கணக்கே எழுபத்தைந்து வருடம் கழித்துத்தான் தீர்ந்தது என்றால், நம் ஆட்களைப் பற்றி இப்போதே முடிவு எழுதுவது கொஞ்சம் அவசரம்தான். இருந்தாலும் எழுதலாம், ஆவணங்கள் எல்லாம் நீதிமன்றத்திலேயே கிடக்கின்றன.

2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகள் ஏலம் விடப்பட்டன. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. அப்போது ஸ்ரீனிவாசன் வாரியத்தின் பொருளாளர். வாரியத்தின் போட்டிகளில் வாரிய நிர்வாகிகளுக்கு வணிக நலன் இருக்கக் கூடாது என்று 6.2.4 என்ற விதி சொன்னது. அன்றைய தலைவர் சரத் பவாரிடம் அனுமதி பெற்றுத்தான் வாங்கினோம் என்றது அவர் தரப்பு. அனுமதி இருக்கட்டும், விதி? அதை 2008 செப்டம்பரில் திருத்தி, ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்குப் பொருந்தாது என்று ஆக்கினார்கள். அணி முதலில் வந்தது, விதிவிலக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. திருத்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர் வாரியத்தின் முன்னாள் தலைவரான ஏ.சி. முத்தையா. அவரும் தமிழ்நாட்டுக்காரர், தமிழ்நாடு சங்கத்துக்கு ஸ்ரீனிவாசனுக்கு முன்னால் தலைவராக இருந்தவர்.

நம் பக்கத்தில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கபடிப் போட்டி வைப்பார்கள். கோப்பை கொடுக்கும் அண்ணாச்சி ஒரு டீமுக்குப் பனியனும் வாங்கிக் கொடுத்து, நடுவரையும் அவரே அழைத்து வந்தால் என்ன பேச்சு வரும்? அண்ணாச்சி தப்பே செய்யாதவராக இருக்கலாம். அவர் டீம் நியாயமாகவே ஜெயித்திருக்கலாம். ஆனாலும் தோற்ற ஊர்க்காரன் டீக்கடையில் என்ன பேசுவான் என்பது நமக்குத் தெரியும். 6.2.4 சொன்னது இவ்வளவுதான்.

2010 ஏப்ரல் 25 இரவு இந்தக் கதையின் விசித்திரமான இரவு. நவி மும்பையில் சென்னை சூப்பர் கிங்ஸ் மும்பையை வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. ஆட்டம் முடிந்த சூட்டோடு ஐ.பி.எல். தலைவரும் கமிஷனருமான லலித் மோடியை வாரியம் இடைநீக்கம் செய்தது. கொச்சி அணி விற்பனையில் கிளம்பிய சண்டை ஒரு மத்திய இணை அமைச்சரின் பதவியைப் பறித்துவிட்டு மோடியிடம் வந்து நின்றிருந்தது. அவருடைய உறவினர்களுக்குச் சில அணிகளில் பங்கு உண்டு என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. 2013-ல் ஆயுள் தடையே விதித்தார்கள். சரி, அன்றிரவு வாரியத்தின் செயலாளர் யார்? ஸ்ரீனிவாசன். கோப்பை வாங்கிய அணி யாருடையது? அவருடைய நிறுவனத்துடையது. மோடி மேல் இருந்த குற்றச்சாட்டுகள் கனமானவைதான். ஆனால் கமிஷனரை வீட்டுக்கு அனுப்பிய வாரியத்தின் செயலாளரும், கமிஷனர் கண்காணிக்க வேண்டிய அணியின் முதலாளியும் ஒரே ஆளாக இருந்தது எந்த நாட்டு லீக்கிலும் நடக்கக் கூடாத காரியம்.

மோடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-ல் போட்டித் தேதிகள் மக்களவைத் தேர்தலோடு மோதியபோது, சில வாரங்களில் மொத்த லீக்கையும் தென்னாப்பிரிக்காவுக்குத் தூக்கிப்போய் நடத்திக் காட்டியவர் அவர். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனதற்கு அவர் போட்ட அஸ்திவாரம் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2013 மே மாதம் ஸ்ரீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் பந்தய வழக்கில் கைதானார். அவர் சென்னை அணியின் உரிமையாளர் அல்ல என்றது நிறுவனம். வாரியம் அமைத்த இரண்டு முன்னாள் நீதிபதிகளின் குழு குற்றம் எதுவும் இல்லை என்று சொன்னது. அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே சட்டவிரோதம் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், முத்கல் குழு விசாரித்து, 2015 ஜனவரி 22 அன்று தீர்ப்பு வந்தது. ஸ்ரீனிவாசன் எதையும் மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணம் ஆகவில்லை என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் 6.2.4 திருத்தத்தை நீதிமன்றம் ரத்து செய்தது; அணியில் வணிக நலன் உள்ளவரை வாரியத் தேர்தலில் நிற்கக் கூடாது என்றது. அந்த ஜூலையில், நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தது. நவம்பரில் ஸ்ரீனிவாசனின் உலக கவுன்சில் நாற்காலியும் போனது.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க பேஸ்பாலில் 1992-ல் முதலாளிகள் தங்களுக்கு ஒத்துவராத கமிஷனரை நெருக்கி ராஜினாமா செய்ய வைத்துவிட்டு, மில்வாக்கி அணியின் உரிமையாளர் பட் செலிக்கையே தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். தற்காலிகம் ஆறு வருடம் நீண்டது. 1994-ல் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே நடக்கவில்லை. 1998-ல் முறைப்படி கமிஷனர் ஆனபோது தன் பங்கை அறக்கட்டளை ஒன்றின் கையில் ஒப்படைத்தார். அணியை நடத்தியது அவருடைய மகள். 2005-ல்தான் அணி கை மாறியது. சென்னைக் கதையிலும் மகள் வருகிறார். லோதா குழு பரிந்துரைத்த விதிகளால் ஸ்ரீனிவாசன் ஒதுங்க, 2019-ல் ரூபா குருநாத் தமிழ்நாடு சங்கத் தலைவரானார். இந்தியாவில் ஒரு மாநில கிரிக்கெட் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண். அந்த வகையில் பெருமைதான். ஆனால் இந்தியா சிமெண்ட்ஸின் முழுநேர இயக்குநராகவும் இருந்ததால் நலன் முரண் இருக்கிறது என்று வாரியத்தின் நெறிமுறை அதிகாரி 2021-ல் சொன்னார். அந்த வருடக் கடைசியில் ரூபா பதவி விலகினார்.

இனி நல்ல பக்கத்துக்கு வருவோம். சென்னை அணி தடையில் இருந்ததால் 2016 கோடையில் சேப்பாக்கத்துக்கு சொந்த அணி இல்லை. அந்த வருடம் ஆகஸ்டில்தான் டி.என்.பி.எல். தொடங்கியது. மனக்காயத்துக்கு மருந்தாகவா, செல்வாக்கைத் தக்கவைக்கவா என்று அவரவர் விருப்பம்போல் சொல்லிக்கொள்ளலாம். விளைச்சல் கண்முன்னே இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் முதல் பருவத்தில் திண்டுக்கல் அணிக்காக யார்க்கர்களாகப் போட்டார், அடுத்த ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார்; ஆஸ்திரேலியாவில் இந்தியத் தொப்பி அணிந்தார். கட்டடக் கலை படித்த வருண் சக்கரவர்த்தி 2018-ல் மதுரை அணிக்குப் போட்ட சுழல், அந்த வருட ஏலத்தில் 8.4 கோடி ஆனது. சென்னை லீக்கில் ஆடாமல் தமிழ்நாட்டில் பேர் எடுக்கவே முடியாது என்ற பழைய நிலையை இந்த லீக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அந்தச் சென்னை லீக்கிலும் பல கிளப்புகளுக்குச் சம்பளம் போட்டதும், ராகுல் திராவிட் போன்றவர்களுக்கு வேலை கொடுத்ததும் இதே சிமெண்ட் கம்பெனி. வாரியத் தலைவராக இருந்தபோது 2012-ல் பழைய வீரர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்க வைத்ததும் ஸ்ரீனிவாசன்தான். பணம் எடுக்க மட்டும் வந்தவர் என்று அவரைச் சொல்ல மனம் ஒப்பாது.

ஆனால் ஒருவருடைய ஆசையில் வளர்ந்தது அவர் போன பிறகு நிற்குமா? 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. ஸ்ரீனிவாசன் நிர்வாக இயக்குநர் பதவியை விட்டார். சென்னை சூப்பர் கிங்ஸ் ஏற்கெனவே தனி கம்பெனி ஆகிவிட்டதால் அது தப்பியது. சங்கர் நகரில் 2025-லும் போட்டிகள் நடந்தன, மகிழ்ச்சி. இனி வருகிற ஒவ்வொரு பருவத்துக்கும் இந்த மைதானம் கிடைக்குமா என்பது, புதிய முதலாளியான கம்பெனியின் தயவைப் பொறுத்தது.

இங்கேதான் உண்மையான கமிஷனர் தேவைப்படுகிறார். 1960-ல் அமெரிக்கக் கால்பந்து லீக்குக்கு வந்த பீட் ரோசல், தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்க நியூயார்க் போன்ற பெரிய ஊர் முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சிற்றூரின் அணி இன்றும் அந்த லீக்கில் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நெல்லை போன்ற ஊருக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஏற்பாடு. முதலாளியின் சட்டையைப் பிடிக்கும் தைரியமும் வேண்டும்: 2014-ல் கூடைப்பந்து கமிஷனர் ஆடம் சில்வர், இனவெறிப் பேச்சு அம்பலமான ஓர் அணி உரிமையாளருக்கு நான்கே நாளில் ஆயுள் தடை போட்டார். அவருக்கு எந்த அணியிலும் பங்கு இல்லை, மருமகனும் இல்லை. அதனால்தான் முடிந்தது.

டி.என்.பி.எல்.-க்கும் சோதனை வராமல் இல்லை. 2019-ல் தெரியாத ஆட்களிடமிருந்து வாட்ஸ்அப் செய்திகள் வந்ததாகச் சில வீரர்கள் தெரிவிக்க, வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணைக்கு வந்தது. மாநிலச் சங்கமும் தன் பங்குக்கு ஒரு குழு போட்டது. லீக்கை நடத்துவதும் சங்கம், விசாரிப்பதும் சங்கம் என்றால் பார்ப்பவனுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

2025-ஓடு டி.என்.பி.எல்.-இன் ஒன்பது பருவங்கள் முடிந்துவிட்டன. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இனியாவது அணியிலோ கிளப்பிலோ ஒரு ரூபாய் பங்குகூட இல்லாத ஒருவரை டி.என்.பி.எல். கமிஷனராக நியமிக்க வேண்டும். எட்டு அணிகளின் பங்குதாரர் பட்டியலை அவர் வருடா வருடம் வெளியிட வேண்டும். சங்கர் நகர் மைதானத்துக்கு நீண்டகாலக் குத்தகை ஒன்றை எழுதி வாங்குவது அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும்.