பெட்டியை மூடும் முன் சாட்சி சேர்ப்போம்

வில்லியனூர் சுடுமண் சிற்பம், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை, அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைக் காகிதம், தோல் பை, ஊதுபத்தி என்று புதுச்சேரியின் பேர் சொல்லும் சரக்குகள் பலவும் கையால் செய்தவை. வில்லியனூருக்கும் திருக்கனூருக்கும் புவிசார் குறியீடே உண்டு. முன்பெல்லாம் இவற்றை வாங்க நினைத்தவர் ஊருக்கு வந்தார். எடுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பேரம் பேசினார். இன்று எங்கோ இருக்கும் ஒருவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறார். தொட்டுப் பார்க்காமல் நடக்கும் வியாபாரத்தில் தகராறு வருவது இயல்பு. 'உடைந்து வந்தது', 'படத்தில் இருந்த நிறம் இல்லை', 'பெட்டி காலியாக இருந்தது', 'பார்சலே வரவில்லை' என்று புகார்கள் வருகின்றன. இவற்றில் உண்மையான குறையும் உண்டு, துணிந்து சொல்லும் பொய்யும் உண்டு. சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே சொற்களில் வந்து நிற்கின்றன. வாங்கியவர் பேசும் தொனியை வைத்து அவர் யோக்கியரா மோசடிக்காரரா என்று கணிக்க முயல்வதில்தான் சிறு வியாபாரி வழுக்கி விழுகிறார். ஆளை எடைபோடும் வேலையை விட்டுவிட்டு, பொருளை அனுப்பும் நேரத்திலேயே சாட்சியைச் சேர்த்து வைப்பதுதான் அவருக்கு உள்ள ஒரே உறுதியான பாதுகாப்பு.

மோசடி என்பது வியாபாரிகளின் மனப்பிரமை அல்ல. 2017 அக்டோபரில் தில்லி காவல்துறை 21 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்தது. அமேசானில் 166 கைப்பேசிகளை வெவ்வேறு கணக்குகளில் வாங்கி, ஒவ்வொரு முறையும் 'பெட்டி காலி' என்று சொல்லி, சுமார் 50 லட்சம் ரூபாயைத் திரும்பப் பெற்றார் என்பது வழக்கு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு தம்பதி இதே நிறுவனத்திடம் சுமார் 2,700 பொருள்களை வாங்கி, பழுது என்று புகார் சொல்லி மாற்றுப் பொருள்களைப் பெற்று விற்றார்கள். இழப்பு 12 லட்சம் டாலர். 2018இல் இருவருக்கும் ஏறத்தாழ ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் அந்தப் புகார்கள் ஒவ்வொன்றும் நம்பத்தக்கவையாகவே இருந்தன. நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதுதான் மோசடி தெரிந்தது. அப்படிச் சேர்த்துப் பார்க்கும் வசதி பெரிய விற்பனைத் தளத்திடம் இருக்கிறது. லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ வீட்டிலிருந்து பொருள் அனுப்பும் ஒருவருக்குத் தெரிவது ஒரே ஒரு ஆர்டர், ஒரே ஒரு புகார். அதை மட்டும் வைத்து ஒரு மனிதரின் நேர்மையைத் தீர்ப்பிட எவராலும் முடியாது.

இந்த ஊர் ஒரு காலத்தில் பின்பற்றிய சட்டம் இதற்கு ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தன. 1804இன் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் ஒப்பந்தங்களை நல்லெண்ணத்தோடு நிறைவேற்றச் சொன்னது. சொத்தை அனுபவிப்பவர் பற்றிய அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நல்லெண்ணம் இருப்பதாகவே எப்போதும் கொள்ள வேண்டும், கெட்ட எண்ணம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. இணையத்தில் விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. வாங்கியவரை நம்பித் தொடங்கு. நம்ப முடியாது என்றால் ஆதாரத்தைக் காட்டு. இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவர் நட்டப்படுவார். இரண்டாவது பாதியை மறந்து எல்லோரையும் சந்தேகிப்பவர் நல்ல வாடிக்கையாளர்களை இழப்பார்.

ஆதாரம் யார் கையில் இருக்கிறது, தீர்ப்பை யார் சொல்கிறார் என்பது இந்தக் கரைக்குப் பழைய கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் துணி வாங்கிய ஐரோப்பியக் கம்பெனிகள் மாதிரித் துணியை வைத்து ஒப்பந்தம் போட்டன. நெய்த துணி வந்து சேர்ந்ததும் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து, ஒவ்வாததைத் தள்ளின. தரம் பிரித்தவர் வாங்குபவரின் ஆள். தள்ளிய துணியின் நட்டம் இடையில் நின்ற வியாபாரியின் தலையில் விழுந்து, கடைசியில் நெசவாளரிடம் போய் நின்றது. நெசவாளரிடம் எதிர்வாதம் இருந்திருக்கலாம். அதை மெய்ப்பிக்கும் ஆதாரம் இல்லை. இன்று அந்த மாதிரித் துணியின் இடத்தில் இருப்பது நாம் தளத்தில் ஏற்றும் படமும் விவரமும். இந்த முறை அது நம் கையில் இருக்கிறது. அதை எவ்வளவு கவனமாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு நம் வாதம் நிற்கும்.

சட்டமும் அங்கேதான் தொடங்குகிறது. 1930இன் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். மாதிரி காட்டி விற்றது மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும். வாங்குபவருக்குப் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு. அதே சட்டம் அவருக்கும் ஒரு வரம்பு வைக்கிறது: பொருளைத் தன் சொந்தப் பொருள் போலப் பயன்படுத்தினாலோ, நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தாலோ ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பொங்கலுக்கு உடுத்திவிட்டு மறு வாரம் சேலையைத் திருப்பி அனுப்புவது உரிமை ஆகாது. ஆனால் 'ஒரு முறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எழுதிப் போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், தளத்தின் வழியே விற்பவர் குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. ஆகவே கைவினைப் பொருள் விற்பவர் விவரத்திலேயே உண்மையை எழுத வேண்டும். காகிதத்தில் பூவிதழ் விழும் இடம் தாளுக்குத் தாள் மாறும், சுடுமண்ணின் நிறம் சூளைக்குச் சூளை வேறுபடும், தோலில் இயற்கையான தழும்பு இருக்கும் என்று சொல்லி, அளவையும் எடையையும் எண்ணில் தந்து, வெயிலில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்தால், நேர்மையான வாங்குபவரோடு வரும் மனக்கசப்பு பெரிதும் குறையும். அதன்பின் வரும் புகாரை ஆராய்வதும் எளிது.

அடுத்தது பெட்டி. பொருளை நாலு பக்கமும் காட்டி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டு தெரியும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். விலை கூடிய பொருள் என்றால் ஓர் எண்ணையோ அடையாளத்தையோ உள்பக்கம் பதித்து, அதுவும் வீடியோவில் தெரியச் செய்ய வேண்டும். புதியதை வைத்துக்கொண்டு பழையதைத் திருப்பி அனுப்பும் வித்தை அங்கே நின்றுவிடும். இதைவிட வலுவான சாட்சி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, பலர் அதைக் கசக்கிப் போடுகிறார்கள். ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள தலைமை அஞ்சலகத்தில் பார்சலைக் கொடுத்தால், கவுன்டரில் இருப்பவர் அதைத் தராசில் வைத்து, எடையைக் கிராம் கணக்கில் அச்சிட்ட ரசீது தருகிறார். தேதி, நேரம், கண்காணிப்பு எண், எடை நான்கும் அதில் இருக்கும். வீடியோ விற்பவர் எடுத்தது. ரசீது, தகராறில் எந்தப் பக்கமும் சேராத மூன்றாமவர் தந்தது. 1,840 கிராம் என்று ரசீது சொல்லும் பெட்டி காலியாகக் கிளம்பியிருக்க முடியாது. வெப்பத்தில் அச்சாகும் தாள் நாளடைவில் வெளுத்துப்போகும் என்பதால் அன்றைக்கே படம் எடுத்து வைக்க வேண்டும். ரிட்டர்னாக வரும் பெட்டியையும் இப்படியே பிரிக்கும் முன் எடை போட்டு, ஒட்டிய டேப்பைக் காட்டி, கொண்டு வந்த ஊழியர் முன்னாலேயே வீடியோ எடுத்துப் பிரிப்பது நல்லது. தளங்களில் இழப்பீடு கேட்கும் கெடு சில நாள்தான். அது முடிந்தபின் தளத்திடம் எந்தச் சாட்சிக்கும் மதிப்பில்லை.

புகார் வந்த பிறகு செய்ய வேண்டியவையும் இதே வழியில்தான். அன்றைக்கே மரியாதையாகப் பதில் சொல்லி, வெளிப்பெட்டி, முகவரிச் சீட்டு, பொருள் மூன்றின் படங்களையும் கேட்க வேண்டும். பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். போனில் பேசியதற்குச் சான்று கிடையாது. பணத்தைத் திருப்புவதென்றால் வந்த வழியிலேயே திருப்ப வேண்டும். 'தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், வேறு எண்ணுக்குப் போடுங்கள்' என்ற கோரிக்கை ஏமாற்றின் அடையாளம். வாட்ஸ்அப்பில் வரும் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளை அனுப்பாமல், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்து அனுப்ப வேண்டும். யுபிஐயில் பின் எண்ணைப் போடுவது பணம் கொடுப்பதற்கு. வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வழியாகப் பலர் ஏமாந்ததால்தான் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்தியது.

இவ்வளவையும் 250 ரூபாய் ஊதுபத்திக் கட்டுக்குச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். செய்ய வேண்டியதில்லை. எவ்வளவு விலைக்கு மேல் வீடியோ, எவ்வளவுக்குக் கீழ் கேட்டதும் பணம் என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சிறு தொகைக்குச் சண்டை போடும் நேரத்தின் விலை அந்தத் தொகையைவிட அதிகம். அதை வியாபாரச் செலவாக எழுதிவிட்டு மேலே போகலாம். இன்னொரு மறுப்பு கனமானது. ஏமாற்றும் விற்பனையாளர்களும் உண்டே, வாங்குபவரிடம் ஆதாரம் கேட்பது அவரை அவமதிப்பது ஆகாதா? 2021 அக்டோபரில் கேரளத்து ஆலுவாவில் ஒருவர் சுமார் 70,000 ரூபாய் கட்டி ஐபோன் வாங்கினார். பெட்டியில் பாத்திரம் துலக்கும் சோப்பும் 5 ரூபாய் நாணயமும் இருந்தன. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்திருந்தார், காவல்துறையிடம் போனார், பணம் திரும்ப வந்தது. ஆதாரம் நேர்மையானவருக்கு உதவுகிறது. அவர் விற்பவரா வாங்குபவரா என்று அது பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவர்கள் 'ஓப்பனிங் வீடியோ கட்டாயம்' என்று எழுதுவதும் இதே எண்ணத்தில்தான். அதை மிரட்டலாக எழுதாமல், 'பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், குறை இருந்தால் உடனே சரிசெய்து தருகிறோம்' என்று எழுதுவது மேல். வீடியோ எடுக்க மறந்த ஒருவரின் உண்மையான குறையை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளுவதும் நியாயமில்லை. படமும் எடையும் அவர் சொல்வதோடு ஒத்துப்போனால் ஏற்க வேண்டும்.

கோபத்தில் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். 'இவர் மோசடிக்காரர், எச்சரிக்கை' என்று வாங்கியவரின் பெயர், எண், முகவரியைப் பொதுவில் போடுவதைச் சிலர் நீதி என்று நினைக்கிறார்கள். கணிப்பு தவறினால் ஒரு நல்லவரின் மானம் போகும். அவதூறு வழக்கு நம் மேல் திரும்பும். உண்மையிலேயே திட்டமிட்ட ஏமாற்று என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இருக்கிறது. இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம். ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று காட்ட வேண்டியிருப்பதால், அங்கேயும் கேட்கப்போவது அதே வீடியோவையும் ரசீதையும்தான். நுகர்வோர் ஆணையம் வாங்குபவருக்கான மன்றம். விற்பவர் வாங்கியவர் மேல் அங்கே போக முடியாது. உரிமையியல் நீதிமன்றம் திறந்திருந்தாலும் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு யாரும் அதன் படி ஏறப் போவதில்லை. ஆகவே சிறு வியாபாரியின் வழக்கு நடைமுறையில் தளத்தின் தீர்ப்போடு முடிந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில் அரசு தலையிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். 2020 விதிகளின்படி நுகர்வோரின் புகாரைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நல்ல விதி. விற்பவரின் மறுப்புக்கு இதே போன்ற கெடுவை அந்த விதிகள் வைக்கவில்லை. வாங்கியவர் தந்த படங்களை விற்பவருக்குக் காட்ட வேண்டும், அவர் தந்த ஆதாரம் ஏன் தள்ளப்பட்டது என்று காரணம் எழுதித் தர வேண்டும், ஒரே கணக்கிலிருந்து திரும்பத் திரும்ப வரும் 'காலிப் பெட்டி' புகார்களைத் தளமே ஆராய்ந்து, அந்தச் செலவை விற்பவர் தலையில் கட்டாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் வாங்குபவரின் எந்த உரிமையையும் குறைக்காது. கைவினைஞர் கூட்டுறவுச் சங்கங்களும் வணிகர் அமைப்புகளும் இதை ஒரே குரலில் கேட்க வேண்டும். கேட்கும்போது ஒவ்வொருவரிடமும் தேதியிட்ட ரசீதும் வீடியோவும் இருந்தால், அது வெறும் புலம்பல் என்று எவராலும் ஒதுக்க முடியாது.