போய் வா, பழைய கம்ப்யூட்டரே!

பூம்புகாருக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரி கடலில் கலக்கும் ஊர். அங்கே போனால் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்ததோடு பஸ் ஏறி விடாதீர்கள். கடலடி ஆய்வில் கிடைத்த பொருட்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே தங்கப் புதையல் இருக்கும் என்று ஓடினால் ஏமாந்து போவீர்கள். உடைந்த பானை ஓடுகளைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எப்போதோ யாரோ சோறு பொங்கிய பானையாக இருக்கலாம். உடைந்ததும், "இனி எதுக்கு?" என்று தூக்கி எறிந்திருப்பார்கள். இன்று அதைப் பார்க்க நாம் போகிறோம்!

இப்போது உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்கு வாருங்கள். மூலையில், பின்பக்கம் தொப்பை போட்ட ஒரு பழைய மானிட்டர் இருக்கிறதா? பக்கத்திலேயே எழுத்து அழிந்த கீ-போர்டு? நீங்கள் முதன்முதலில் வீடு, தென்னை மரம், சூரியன் எல்லாம் வரைந்தது அதில்தானோ என்னவோ! "இது இனிமே தேறாது, தூக்கிடலாம்" என்று சார் சொன்னால், மனசுக்குக் கஷ்டமாகத்தானே இருக்கும்? "ஐயே, ஒரு டப்பாவுக்குப் போய் அழறான் பாரு" என்று பக்கத்து பெஞ்சுக்காரன் சிரிப்பான்.

சிரிக்கட்டுமே! சரஸ்வதி பூஜை அன்று நம் ஊர்ப்பக்கம் என்ன செய்கிறோம்? மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அந்த வரிசையில் கம்ப்யூட்டரும் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. மானிட்டர் நெற்றியில் பொட்டு, சி.பி.யு. தலையில் செவ்வந்திப் பூ! இப்படிப் பொட்டு வைத்துப் பழகியவர்களுக்கு, அதை வெளியே தூக்கும்போது வருத்தம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

நம் நாட்டின் புகழ்பெற்ற கம்ப்யூட்டர் ஒன்றுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. அதன் பெயர் டிஃப்ராக். மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், நம் விஞ்ஞானிகளே உருவாக்கியது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர்.நரசிம்மன். குழுவில் இருந்த மற்றவர்கள் அதற்கு முன் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதே இல்லை. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! 1960-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. 1962-ல் பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு. உள்ளே சுமார் 2,700 வால்வுகள். பழைய ரேடியோவில், பல்பு போல மினுக்கிக் கொண்டிருக்குமே, அந்த மாதிரி. இத்தனை இருந்தும் அதன் நினைவகம் வெறும் 10 கிலோபைட்தான். செல்போனில் நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. 1964-ல் அமெரிக்காவில் இருந்து சி.டி.சி. 3600 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்து சேர, டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. ஒவ்வொரு வால்வாகப் பொருத்தியவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்?

உழைத்து ஓய்ந்த இயந்திரங்களுக்காகச் சடங்கே நடத்தியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில்!

1999-ல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற ரோபோ நாய்க்குட்டியை வெளியிட்டது. வாலாட்டும், பந்து விளையாடும். ஜப்பானுக்கென்று ஒதுக்கிய 3,000 குட்டிகளும் இருபதே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. அதுவும் கம்ப்யூட்டர்தான், நான்கு கால் முளைத்த கம்ப்யூட்டர். ஆனால் 2006-ல் தயாரிப்பு நின்றது. 2014-ல் பழுது பார்ப்பதையும் நிறுத்தி விட்டார்கள். காலொடிந்த குட்டிகளை எங்கே கொண்டு போவது? வளர்த்தவர்கள் தவித்துப் போனார்கள். சோனியில் முன்பு வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். இனி ஓடவே ஓடாத ஐபோக்களில் இருந்து பாகங்களை எடுத்து, மற்ற ஐபோக்களுக்குப் பொருத்தினார்கள். கண் தானம் மாதிரி! ஆனால் பாகங்களைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். இசுமி என்ற ஊரில் உள்ள பழைய புத்தர் கோயிலில் அவற்றை வரிசையாக உட்கார வைத்து, பிட்சுவை அழைத்துப் பிரார்த்தனை நடத்தினார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் எந்த ஊர், யார் வீட்டுக் குட்டி என்று எழுதிய அட்டை. 2015-ல் தொடங்கிய இந்தச் சடங்கு பல முறை நடந்திருக்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், நம் டிராக்டருக்குப் பூசணிக்காய் உடைப்பதைப் பார்த்தால் என்ன சொல்வார்களாம்?

சரி, உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். முதலில் அதில் உள்ள படங்கள், பாடங்களை வேறு இடத்தில் நகல் எடுத்துக் கொள்ளச் சொல்லுங்கள். பிறகு சாரிடம் கேட்டுக்கொண்டு, கீ-போர்டில் இருந்து உங்கள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கழற்றி, பென்சில் பாக்ஸில் வைத்துக் கொள்ளலாம். பூம்புகாரில் முழுப் பானையா இருக்கிறது? ஓடுதானே!

மிச்சத்தை என்ன செய்வது? "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று குரல் கேட்டதும் தூக்கிக் கொண்டு ஓடாதீர்கள். போகித் தீயில் போடும் எண்ணம் வேண்டவே வேண்டாம். தொப்பை மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்தால் ஆபத்து. செம்புக் கம்பிக்காக வயரை எரித்தால் கிளம்பும் புகை நச்சுப் புகை. எரிக்கிறவருக்கும் கெடுதல், அந்தப் பக்கம் விளையாடும் குழந்தைகளுக்கும் கெடுதல். மின்கழிவைப் பிரித்தெடுக்க அரசிடம் பதிவு செய்த நிறுவனங்கள் உள்ளன. அவர்களிடம் சேரும்படி கொடுக்க, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

அங்கே போனால் என்ன ஆகும் தெரியுமா? ஜப்பான்காரர்கள் 2017-ல் இருந்து இரண்டு வருஷம், பழைய போன், கேமரா, லேப்டாப்களை ஊர் ஊராகச் சேகரித்தார்கள். செல்போன் மட்டுமே 62 லட்சத்துக்கு மேல்! அவற்றை உருக்கிப் பிரித்ததில் 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன. அதில்தான் டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் சுமார் 5,000 பதக்கங்களையும் செய்தார்கள். 2021-ல் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து வாங்கினாரே தங்கம், அது இதுதான். நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, உயரம் தாண்டி வாங்கினாரே வெள்ளி, அதுவும் யார் யார் வீட்டிலோ ஓய்வு பெற்ற பழைய போனும் லேப்டாப்பும்தான்!