கேட்கத் தயங்கிய கேள்வி

“டீச்சர், ஒன்று கேட்கவா? சிரிக்கக் கூடாது.”

குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேர வேளைகளில் உயர்தர மாணவிகள் சிலருக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் தூணோரமாக நின்றபடி இப்படிக் கேட்டாள். அவள் என்ன கேட்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வி அவளுடைய ராத்தாவின் கைக்குழந்தை சம்பந்தப்பட்டது. அதைக் கேட்காமலே அவள் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

“சிரிக்கக் கூடாது” என்ற சொல் எனக்குப் புதிதல்ல. நான் படித்த காலத்தில் மூல் என்றால் என்னவென்று வகுப்பில் எழும்பிக் கேட்டேன். “இதுகூடத் தெரியாமலா விஞ்ஞானப் பிரிவுக்கு வந்தாய்?” என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. அதன்பிறகு இரண்டு வருடங்கள் நான் வாய் திறக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு நிலைமை இன்னும் மோசமானது. தமிழில் படித்த பாடம் அங்கே ஆங்கிலத்தில் நடந்தது. சந்தேகம் பாடத்திலா பாஷையிலா என்று தெரியாமலே முதல் வருடம் போய்விட்டது.

ஆகவே, என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை. அவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன். இரசாயனவியல் படிக்காத சகோதரிகளும் வாசிக்கலாம். எல்லாம் நம் அடுப்படியிலும் கிணற்றடியிலும் உள்ள விடயங்கள்தான்.

நஞ்சும் நெருப்பும் சேர்ந்து உப்பா?

“சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்கிறீர்கள். குளோரீன் நச்சு வாயு என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்த உப்பைக் கறிக்குப் போடுகிறோமே, எப்படி?”

நல்ல கேள்வி. குளோரீன் வாயு 1915 இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் மனிதரைக் கொல்லப் பயன்பட்டது. ஆனால் உப்பில் இருப்பது அந்தக் குளோரீனும் அல்ல, அந்தச் சோடியமும் அல்ல. சோடியம் அணு தன்னிடமுள்ள ஓர் இலத்திரனை விட்டுவிடுகிறது, குளோரீன் அணு அதை எடுத்துக்கொள்கிறது. கொடுத்ததும் எடுத்ததும் அயன்களாக மாறி அமைதி அடைகின்றன. சேர்வை ஒன்றின் குணம் அதிலுள்ள மூலகங்களின் குணமாக இராது.

அயடீன் கலந்த உப்பும் அப்படித்தான். தனி அயடீன் கருமை நிறம், சூடாக்கினால் ஊதா நிற ஆவி வரும். நம் உப்புப் பைக்கற்றில் எந்த நிறமும் இல்லையே? அதில் சேர்ப்பது பொற்றாசியம் அயடேற்று என்ற வெண்ணிறச் சேர்வை. இலங்கையில் சமையலுப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 இல் சட்டமாக்கப்பட்டது. கர்ப்பிணித் தாய்மாருக்கு அயடீன் குறைந்தால் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

மூல் என்றால் என்ன?

அதிகமான பிள்ளைகளை அழ வைக்கும் கேள்வி இது. முட்டையை டசினாக எண்ணுகிறோம். அணுக்கள் மிகச் சிறியவை, டசின் போதாது. ஆகவே 6022 என்று எழுதி அதன் பின்னால் 20 பூச்சியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையை ஒரு மூல் என்கிறோம். ஒரு மூல் சோடியம் 23 கிராம். ஒரு மூல் குளோரீன் அணுக்கள் 35.5 கிராம். கூட்டினால் ஒரு மூல் உப்பு 58.5 கிராம். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 6 கிராம், அதாவது மூலில் பத்திலொரு பங்கு. எண்ண முடியாததை நிறுத்து அறிவதற்கான வழிதான் மூல். கடைக்காரர் ஒரே அளவான ஆணிகளை எண்ணாமல் தராசில் போட்டுக் கொடுப்பதும் இதே கணக்குத்தான்.

“ஒரு புத்தகத்தில் 12 கிராம் காபனை வைத்து விளக்கம் இருக்கிறது, இன்னொன்றில் வெறும் எண் இருக்கிறது. எது சரி?” என்றும் கேட்கிறார்கள். இரண்டும் பிழையல்ல. முன்பு 12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்றே மூல் வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் அந்த எண்ணே நிலையாக வைக்கப்பட்டுவிட்டது. பழைய புத்தகம் பழைய வரையறையைச் சொல்கிறது.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிஞர்களுக்கே காலம் பிடித்தது. இத்தாலியரான அவகாதரோ தன் கருத்தை 1811 இல் வெளியிட்டார். பலரும் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீரில் ஐதரசன் அணு ஒன்றா இரண்டா என்பதில்கூட அரை நூற்றாண்டு குழப்பம் நீடித்தது. 1860 இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயனவியலாளர்கள் மாநாடு கூட்டிப் பேச வேண்டி வந்தது. அங்கே கனிசாரோ என்பவர் அவகாதரோவின் கருத்தை எடுத்து விளக்கிய பிறகுதான் மெல்ல மெல்லத் தெளிவு பிறந்தது. அறிஞர்களுக்கே ஐம்பது வருடம் எடுத்தது நம் பிள்ளைக்கு ஒரு பின்னேரத்தில் விளங்கவில்லை என்றால் அவள் மக்கு என்று அர்த்தமா?

சிறிய இலக்கத்தை மாற்றினால் என்ன?

சமன்பாட்டைச் சமப்படுத்தும்போது, குறியீட்டின் கீழே உள்ள சிறிய இலக்கத்தை மாற்றினால் கணக்கு உடனே சரிவரும். “அப்படிச் செய்தால் ஏன் பிழை போடுகிறீர்கள்?” என்று கேட்பார்கள். தண்ணீரில் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று. ஒட்சிசனை இரண்டாக்கினால் அது தண்ணீர் அல்ல, ஐதரசன் பேரொட்சைட்டு. தலைமயிரை வெளிறச் செய்யும் பொருள் அது. குடிக்க முடியுமா? முன்னால் போடும் பெரிய இலக்கம் எத்தனை கோப்பை என்று சொல்கிறது. கீழே உள்ள சிறிய இலக்கம் கோப்பைக்குள் இருப்பது என்ன என்று சொல்கிறது. கோப்பையைக் கூட்டலாம், உள்ளிருப்பதை மாற்றக் கூடாது.

கொதிக்க வைத்தால் போகுமா?

இதற்கு நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. புத்தளம் பக்கத்து உப்பளங்களைத்தான் காட்டுகிறேன். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டுமே கொண்டுபோகின்றன, கரைந்தவை பாத்தியிலேயே நிற்கின்றன. நீர் ஐந்திலொரு பங்காக வற்றும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். பத்திலொரு பங்காகும்போது கறியுப்பு பூக்கும். கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் மகனீசிய உப்புகள் இருக்கும், அது கசக்கும். அந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடிக்காவிட்டால் உப்பும் கசக்கும், ஈரமும் பிடிக்கும்.

ஆக, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். கரைந்த உப்புகள் போகா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்வி

நம் கற்பிட்டிக் குடாநாடு மணல் பூமி. வெங்காயம், மிளகாய், மரக்கறி என்று வருடம் முழுவதும் செய்கை நடக்கிறது. போடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைதரசன், நைத்திரேற்றாக மாறி மழையோடும் பாய்ச்சும் நீரோடும் கீழே இறங்குகிறது. மணல் அதைப் பிடித்து வைப்பதில்லை. நிலத்தடி நீரோ அதிக ஆழத்தில் இல்லை. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது சேர்கிறது. இப்பகுதிக் கிணறுகள் சிலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை கண்டிருக்கிறார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை என்று எல்லை வைத்திருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களை முன்னிட்டே அந்த எல்லை வைக்கப்பட்டது. சிசுவின் உடலில் நைத்திரேற்று, நைத்திரைற்றாக மாறி இரத்தத்திலுள்ள இரும்பிலிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துவிடுகிறது. அப்படியான இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். “ஒட்சியேற்றம் என்றால் ஒட்சிசன் சேர்வதுதானே?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதுவே பதில். இங்கே இலத்திரன் இழப்புத்தான் ஒட்சியேற்றம்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்தார்கள். மச்சான் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் வந்த அறிக்கையில் 13 என்று இருந்தது. “50 வரைக்கும் பரவாயில்லையாம், நமக்குப் பதின்மூன்றுதான்” என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அவள் மட்டும் அந்தத் தாளைக் கொப்பிக்குள் மடித்துக்கொண்டு வந்திருந்தாள். “டீச்சர், இதில் நைத்திரேற்று-நைதரசன் என்று போட்டிருக்கு. அது நைத்திரேற்றா, நைதரசனா?”

நான் சிரிக்கவில்லை. “நீயே கணக்குப் போடு மகள்” என்று பென்சிலைக் கொடுத்தேன். நைதரசன் 14. மூன்று ஒட்சிசன் 48. ஆக நைத்திரேற்று 62. அறிக்கை நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் நிறையை மட்டும் சொல்கிறது. முழு நைத்திரேற்றையும் அறிய 13 ஐ 62 ஆல் பெருக்கி 14 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 58. எல்லையைத் தாண்டிவிட்டது. அதையும் கொதிக்க வைத்து மூன்று கோப்பையை இரண்டாக வற்றச் செய்தால் 87. பென்சிலைப் பிடித்திருந்த அவளுடைய கை நடுங்கியது.

அன்றிரவே உம்மாவிடம் சொன்னாள். அடுத்த நாள் மருத்துவமாதுவிடம் போனார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடி தாய்ப்பாலை மட்டும் கொடுக்கப் பழகினார்கள். வீட்டுக் குடிநீருக்குப் பரிசோதித்த வேறிடத்துத் தண்ணீரை எடுக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரிகளே, தோட்டங்களுக்கு நடுவே கிணறு உள்ளவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அறிக்கை வந்தால் நைத்திரேற்றா, நைத்திரேற்று-நைதரசனா என்று கட்டாயம் பாருங்கள். நைத்திரேற்று-நைதரசன் என்றால் எல்லை 50 அல்ல, 11. கொதிக்க வைப்பதாலோ துணியில் வடிப்பதாலோ நைத்திரேற்று போகாது. ஆர்.ஓ. முறையில் பெருமளவு குறையும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே சிசுவுக்குச் சிறந்த காவல். உதடோ நகமோ நீலம் பாரித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது பிள்ளைகளைப் பற்றி. “கெமிஸ்ட்ரி கஷ்டமாம், வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவோமா?” என்று என்னிடம் கேட்கும் உம்மாமார் பலர். மாற்றுவதற்கு முன் அவள் கொப்பியைத் திறந்து, விளங்காத இடங்களை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் தெரிய வேண்டியதில்லை. கேட்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

அந்தப் பிள்ளை இப்போது விறாந்தையில் முன்வரிசையில் இருக்கிறாள். கேள்வி கேட்கும்போது “சிரிக்கக் கூடாது” என்று சொல்வதில்லை. அந்த அறிக்கையை நான் பிரதி எடுத்து என் கேள்விக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூல் கணக்கு எதற்கு என்று கேட்கும் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் முதலில் காட்டுவது அதைத்தான்.