பழைய கிற்றாருக்குப் புது வர்ணம்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, எமது காலஞ்சென்ற தமையனாரின் மகன் நீண்ட கறுப்புப் பையொன்றைத் தோளிற் சுமந்தவண்ணம் எமது வீட்டுக்கு வந்தான். பையினுள்ளே இருந்தது தமையனாரின் பேஸ் கிற்றார். கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் இசைக்குழுவொன்றுடன் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வாசித்த வாத்தியம் அது.

“சித்தப்பா, இதைக் கறுப்பாக்க வேணும்” என்றான் பையன்.

வாத்தியத்தை எடுத்து மேசைமீது கிடத்திப் பார்த்தோம். செந்நிறமானது. மேல்விளிம்பில், வாசிப்பவரின் முன்னங்கை தங்கும் இடத்திலே, ஒரு சாண் நீளத்துக்கு மினுக்கம் அடியோடு மங்கிப்போயிருந்தது. பின்புறத்தில் இடுப்புப் பட்டியின் கொளுவி உராய்ந்து உண்டாக்கிய கீறல்கள். கீழ்விளிம்பில் இரண்டு மூன்று இடங்களிற் பூச்சு உடைந்து மரம் தெரிந்தது. பையனுக்கு இவை யாவும் வெறும் பழுதுகள். அவனுடைய தாயார், அதாவது எமது அண்ணி, இது பற்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நாமும் அன்று அவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பேஸ் கிற்றாரின் வரலாறு அத்துணை நீண்டதன்று. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபிள் பேஸ் வாத்தியத்தை ஊரூராகக் கொண்டு திரிவதும், மேடையின் ஆரவாரத்தினிடையே அதன் ஒலி கேட்கும்படி வாசிப்பதும் இசைக்குழுவினருக்குப் பெருந் தொல்லையாயிருந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, புல்லர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்தியிருந்த லியோ ஃபெண்டர் என்பார், 1951ஆம் ஆண்டில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மின் வாத்தியத்தை வெளியிட்டு இத்தொல்லையைத் தீர்த்தார். கழுத்திலே உலோக மெட்டுக்கள் பதிக்கப்பட்டமையாற் சுருதி பிசகாது என்பதே அப்பெயரின் பொருள். உடல் திண்ணிய ஆஷ் மரத்தால் ஆனது. மரத்தின் ரேகை தெரியும்படி வெளிர்மஞ்சள் நிறப் பூச்சுக் கொண்டது.

பின்னர் வாடிக்கையாளர்கள் வெவ்வேறு வர்ணங்களைக் கேட்கத் தொடங்கியபோது, அத்தொழிற்சாலை டூபொன்ட் கம்பனியார் மோட்டார் வண்டிகளுக்கென ஆக்கிய வர்ணங்களையே எடுத்தாண்டது. ‘பியெஸ்டா ரெட்’ என்னும் சிவப்பு போர்ட் கம்பனியின் தண்டர்பேர்ட் காருக்கு வந்தது. ‘லேக் பிளாசிட் புளூ’ என்னும் நீலம் கடிலாக் காருக்கு வந்தது. விசேட வர்ணம் கேட்டவர்கள் விலைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து வீதம் கொடுத்தனர். இதனை ஈண்டு கூறுவதன் காரணம் யாதெனில், கிற்றாருக்கெனத் தனியான மாய வர்ணம் எதுவும் இல்லை என்பதே. கார் திருத்தும் கடையிற் கிடைக்கும் லாக்கர் வர்ணத்தைப் பூசினோமென்று எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

ஆயினும் எல்லாப் பழைய வாத்தியங்களையும் தொட்டுவிடலாகாது. 1950களிலும் 1960களிலும் ஆக்கப்பட்ட பெயர்பெற்ற கிற்றார் ஒன்று கையிலிருப்பின், அதன் முதற் பூச்சு எவ்வளவு சிதைந்திருந்தாலும் அப்படியே விடுக. மீளப் பூசினால் அதன் விலை பெரிதும் விழுந்துவிடும். உரியவரின் விருப்பம் வேறு விஷயம். பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த போல் மக்கார்ட்னியின் ரிக்கன்பேக்கர் பேஸ் 1967ஆம் ஆண்டிலே பலநிற விசித்திரக் கோலம் பூண்டது. சில ஆண்டுகளின்பின் அக்கோலமும் சுரண்டப்பட்டு வெறும் மரமாயிற்று. எமது தமையனாரின் வாத்தியமோ விலையுயர்ந்ததன்று. சந்தை விலை அதன் தலைவிதியைத் தீர்மானிக்கவில்லை.

முதல் நாள் தந்திகளைத் தளர்த்தினோம். பேஸ் கிற்றாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 160 இறாத்தல் விசையுடன் கழுத்தை இழுத்து நிற்கின்றன. ஆதலின் தந்தி தளராமற் கழுத்தின் திருகாணிகளிற் கை வைப்பது ஆபத்து. பின்னர் கழுத்து, முகப்புத் தகடு, தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலம், பிக்கப் எனப்படும் காந்தச் சுருள்கள் ஆகியவற்றைக் கழற்றினோம். ஒவ்வொரு படியிலும் பையன் தனது கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டான். எமக்கு அது முதலில் விளையாட்டாகத் தோன்றிற்று. வயர்களை மீளப் பொருத்திய அன்றுதான் அதன் அருமை தெரிந்தது. திருகாணிகளைத் தனித்தனிச் சிரட்டைகளில் இட்டோம்.

அடுத்ததாக, பழைய பூச்சை என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது. பலர் மரம் தெரியும்வரை சுரண்டியே ஆகவேண்டுமென எண்ணுகின்றனர். எமது அபிப்பிராயம் வேறு. எமது வாத்தியத்தின் மேலிருந்தது பொலியெஸ்டர் என்னும் தடித்த, கல்லைப் போன்ற பூச்சு. வர்ணம் நீக்கும் திராவகங்களுக்கு அது எளிதில் மசியாது. அத்திராவகங்களுட் சிலவற்றிற் சேரும் மெதிலீன் குளோரைட்டின் ஆவி உயிரையே போக்கவல்லது. அது கலந்த வர்ணநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்க அரசு 2019ஆம் ஆண்டிலே தடைசெய்தது. சூடான காற்றை ஊதி இளக்கிச் சுரண்டலாம். கை சிறிது தாமதித்தால் மரம் கருகிவிடும். பழைய பூச்சு மரத்தை இறுகப் பற்றியிருக்குமாயின், அதனினும் சிறந்த அடிப்பூச்சைக் கடையில் வாங்க முடியாது. உடைந்த இடங்களை மட்டும் மக்கு வைத்து நிரப்பி, 320ஆம் இலக்க அரத்தாளினால் மினுக்கம் முழுவதும் போகத் தேய்த்துவிட்டால், புதிய வர்ணம் பற்றிக்கொள்ளும். தேய்க்கும்போது அரத்தாளை ஒரு தட்டையான கட்டையிற் சுற்றிப் பிடிப்பது அவசியம். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகி, பின்னர் மெருகேற்றும்போது அலை அலையாகத் தோன்றும். முகமூடியையும் மறத்தலாகாது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

பையன் விறாந்தையில் இருந்து பின்புறத்தைத் தேய்த்து முடித்தான். கொளுவிக் கீறல்கள் மறைந்தன. வாத்தியத்தைத் திருப்பி மேல்விளிம்பிற் கட்டையை வைத்த நேரத்திலேதான் அண்ணி படலையைத் திறந்துகொண்டு வந்தார். சிறிது நேரம் நின்று பார்த்தார்.

“அது அவருடைய கை இருந்த இடமெல்லோ?” என்றார்.

பையன் கையை எடுத்துவிட்டான். அன்று வேலை அத்துடன் நின்றது. தொடர்ந்து பத்து நாட்கள் அவ்வுடல் எமது அலுமாரியின்மேல் ஒரு பழைய சீலைக்குள் சுற்றப்பட்டுக் கிடந்தது. பையன் கேட்பது நியாயமற்றதென்று நாம் கூறமாட்டோம். அதை எடுத்துக்கொண்டு எந்த மேடைக்குப் போனாலும், “தகப்பனுடைய கிற்றார்” என்பார்களேயன்றி அவன் வாசிப்பைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையாம். அதற்காக அண்ணியிடம் சென்று வாதாடவும் எமக்கு மனம் வரவில்லை. நாம் தேய்க்கத் தொடங்கிய பின்புறம் ஏற்கனவே பாழாகிவிட்டது. ஒன்றும் செய்யாது திருப்பிக் கொடுப்பதும் இயலாது. ஈற்றில் அண்ணி தாமே சொல்லி அனுப்பினார்: “அவன்தானே வாசிக்கப் போகிறான். செய்து முடியுங்கோ.”

வர்ணம் தெளிப்பதற்குமுன் மறைக்கவேண்டிய இடங்கள் உள. அவற்றுள் முதன்மையானது கழுத்து வந்து அமரும் குழி. அங்கே பூச்சு ஏறினால் கழுத்து இறுகி உட்செல்லாது. வலிந்து செலுத்தினால் விளிம்பு வெடிக்கும். கழுத்தின் சாய்வும் மாறிவிடும். ஆகவே அக்குழியின் அடியிற் கடதாசி ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் ஒரு மரச் சட்டத்தைத் திருகாணியாற் பூட்டினோம். அச்சட்டம் உடலைத் தொடாமல் தூக்கவும் கட்டித் தொங்கவிடவும் பிடியாக உதவிற்று.

தெளிக்கும் வித்தை பெரிதொன்றுமில்லை. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்திலிருந்து, உடலுக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, கையை நிறுத்தாது குறுக்கே கொண்டுசென்று, மறுபுறம் வெளியே போனபின் விடவேண்டும். ஒரே தடவையிற் கறுப்பாக்க எத்தனித்தால் வர்ணம் கண்ணீர்போல் வழியும். மெல்லிய பூச்சுக்கள் பலவே நன்று. லாக்கரில் ஒரு நற்குணம் உண்டு: புதிய பூச்சிலுள்ள தின்னர் கீழுள்ள பூச்சைச் சிறிது கரைக்கின்றது, ஆதலால் எத்தனை தரம் பூசினாலும் இறுதியில் எல்லாம் ஒரே படலமாகின்றன. இரண்டு திராவகங்களைக் கலந்து பூசும் பொலியூரேத்தேன் வகை அதனினும் உரமானது. எனினும் அதன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட்டுப் பொருள்கள் நாட்பட்ட ஆஸ்துமாவை உண்டாக்கவல்லன. துணி முகமூடிகள் அவற்றைத் தடுக்கமாட்டா. குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை என்பதே எமது துணிவு.

எமது தவறு காலத்தைப் பற்றியது. கார்த்திகை மாதம், வடகீழ்ப் பருவமழை. இரண்டு நாள் வெயில் காய்ந்தது கண்டு, மூன்றாம் நாள் மாலையிற் கொட்டிலுக்குள் கறுப்பைத் தெளித்தோம். கால் மணி நேரத்துள் கறுப்பின்மேல் பால் தெளித்தாற்போல வெண்படலம் பூத்தது. பையன் தலையிற் கை வைத்துக்கொண்டான். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்புக் குளிர்கின்றது. ஈரப்பதன் மிகுந்த காற்றிலுள்ள நீராவி அங்கே ஒடுங்கிப் படலத்துள் அகப்பட்டுக்கொள்கின்றது. குளிர்நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர் அரும்புவதும் இதே காரணத்தால்தான். பரிகாரமும் இலகுவானது. நன்கு வெயிலெறிந்த ஒரு நாள் முற்பகலில், மெதுவாக உலரும் தின்னரை மாத்திரம் மென்பனிபோலத் தெளித்தோம். பூச்சு சிறிது இளகி, சிறைப்பட்ட ஈரம் வெளியேற, வெண்மை மறைந்தது. அதன்பின் காலை பத்து மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் நாம் வர்ண ரின்னைத் தொடவேயில்லை.

கறுப்பு நான்கு தரம். அதன்மேல் நிறமற்ற லாக்கர் எட்டுத் தரம். பின்னர் வேலை எதுவுமில்லை. நான்கு கிழமை வளையில் தொங்கிற்று. தொட்டால் ஒட்டாத பூச்சு உலர்ந்துவிட்டதென நம்புவோர் ஏமாறுவர். மூக்கை அருகே கொண்டு சென்று முகர்ந்து பார்க்க வேண்டும். தின்னர் மணம் சிறிதேனும் வீசினால் இன்னும் பொறுக்க வேண்டும். பையன் நாள்தோறும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

மார்கழி இறுதியில் மணம் அற்றது. சவர்க்கார நீரில் தோய்த்த அரத்தாளினால் 1000, 1500, 2000 என்னும் இலக்க வரிசையில் தேய்த்து, மெருகுப் பசையிட்டுத் துணியால் துடைத்தோம். திருகாணித் துளைகளுக்குள் நீர் இறங்கினால் மரம் ஊதிப் பூச்சு வெடிக்குமாதலால், அவற்றை முன்னரே மெழுகால் அடைத்திருந்தோம். முகம் தெரியுமளவுக்குக் கறுப்புப் பளபளத்தது. கீழ்விளிம்பின் ஓரிடத்தில் மாத்திரம் தேய்ப்பு மிகுந்து, நகத்தளவு சிவப்பு வெளியே எட்டிப் பார்த்தது. திருத்தட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றான்.

மரச் சட்டத்தைக் கழற்றி ஒட்டுநாடாவை உரித்தபோது, கழுத்துக் குழியில் தமையனாரின் சிவப்பு அப்படியே இருந்தது. வெளிச்சமும் வியர்வையும் படாத இடமாதலால், வெளியே நாம் கண்ட சிவப்பைவிட அது பளிச்சென்றிருந்தது. பையன் உடனே கழுத்தைப் பூட்டவில்லை. உடலைச் சீலையிற் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அண்ணி குழியை நெடுநேரம் பார்த்தாராம். விரலால் ஒரு தரம் தடவினாராம். வேறு ஒன்றும் கூறவில்லையாம்.

மறுநாள் நான்கு திருகாணிகளாலும் கழுத்தைப் பூட்டி, வயர்களைப் பற்றாசு வைத்து இணைத்து, தந்திகளை ஏற்றினோம். ஒலிபெருக்கியைப் போட்டதும் வண்டுக் கூட்டம்போல ஓர் இரைச்சல்! உலோகப் பாலத்தின் கீழே மரத்துளை வழியாக வந்து பாலத்தைத் தொடவேண்டிய புவித்தொடுப்புக் கம்பியின்மேல் நாம் வர்ணம் தெளித்திருந்தோம். பாலத்தைக் கழற்றி, கம்பியின் நுனியைச் சுரண்டி மீளப் பூட்டியதும் இரைச்சல் அடங்கிற்று. புதிய வர்ணத்தால் நாதம் மாறிற்றா என்று சிலர் கேட்கின்றனர். எமது செவிக்கு ஒரு மாற்றமும் புலப்படவில்லை.

பையன் இரண்டு மணி நேரம் வாசித்தான். அவனுடைய முன்னங்கை மேல்விளிம்பில் அதே இடத்திலேதான் படிந்திருந்தது. லாக்கர் பொலியெஸ்டரைவிட மெதுவானது. கறுப்புத் தேய்ந்து கீழுள்ள சிவப்புத் தெரிய இருபது ஆண்டுகள் செல்லாது.